கல்லூரியிலிருந்து பரங்கிமலைக்கு

பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளை ராணுவத்தில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், பெரியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ஆள்சேர்ப்பு முகாம்தான். விடியற்காலை மைதானத்தில் நீண்ட வரிசை, ஓட்டம், உயரம், மார்பளவு. அது படைவீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வழி. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்த வழியில் சேர்பவர்கள் அக்னிவீரர்கள். நான்கு ஆண்டு பணி. அது முடிந்ததும் அதிகபட்சம் நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தரப் பணி. அதற்குப் பள்ளிப் படிப்பே போதும்.

பட்டம் முடித்தவருக்கும் கடைசி ஆண்டில் இருப்பவருக்கும் வேறொரு வாசல் திறந்திருக்கிறது. லெப்டினன்ட் என்ற நிலையில், அதிகாரியாகச் சேரும் வாசல் அது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில், அதிலும் மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிய கல்லூரிகளில், இந்த வாசலைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வார் இல்லை. விஷயம் தெரிய வரும்போது பலருக்கு வயது கடந்துவிடுகிறது. இந்த அத்தியாயம் அந்த ஒரு குறையைப் போக்குவதற்காக எழுதப்பட்டது.

அறிவியலோ பொறியியலோ படித்தவர்களுக்கு மட்டும் உரியது இது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் பி.காம். படித்தவர். அதன்பின் தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயப் படிப்பு. பிறகு சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்று, 2006-இல் ராஜ்புத் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆனார். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்தில் நடந்த மோதலில் உயிர் நீத்தார். அசோக சக்ரா விருது அளிக்கப்பட்டது. 'அமரன்' படம் பார்த்தவர்களுக்கு அவருடைய வீரம் தெரியும். அவர் வணிகவியல் பட்டதாரி என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

எந்த வழி உங்களுக்கு?

பெரும்பாலான பட்டதாரிகளுக்கு உரிய வழி சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வு. ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்தும் அதே யு.பி.எஸ்.சி. இதையும் ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாக ஏப்ரலிலும் செப்டம்பரிலும், நடத்துகிறது. ஒரே தேர்வு நான்கு பயிற்சி நிலையங்களுக்கு ஆள் எடுக்கிறது: டேராடூனில் உள்ள இந்திய ராணுவக் கழகம் என்ற ஐ.எம்.ஏ., கேரளத்து எழிமலையில் கடற்படைக் கழகம், ஹைதராபாத் அருகே விமானப்படைக் கழகம், நம் பரங்கிமலையில் ஓ.டி.ஏ. எனப்படும் அதிகாரிகள் பயிற்சிக் கழகம். கடற்படைக்குப் பொறியியல் பட்டம் வேண்டும். விமானப்படைக்குப் பொறியியல் பட்டம், அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்த பிறகு ஏதேனும் ஒரு பட்டம். டேராடூனுக்கும் பரங்கிமலைக்கும் எந்தப் பட்டமானாலும் சரி. தமிழ் இலக்கியம், வரலாறு, பி.பி.ஏ., எதுவும் தடையில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டேராடூன், எழிமலை, ஹைதராபாத் மூன்றுக்கும் ஆங்கிலம், பொது அறிவு, அடிப்படைக் கணிதம் என மூன்று தாள்கள். தாளுக்கு 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். பரங்கிமலைக்கு மட்டும் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். ஒவ்வொரு முறையும் அறிவிக்கப்படும் சுமார் 450 இடங்களில் பாதிக்கு மேல் பரங்கிமலைக்குத்தான். சி.டி.எஸ். வழியில் பெண்கள் விண்ணப்பிக்கக்கூடிய இடமும் அதுவே. கணிதத்தைக் கண்டு பயந்து இந்தத் தேர்வையே ஒதுக்கிவைத்த கலைப்பிரிவு மாணவர் ஒவ்வொருவரும் இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனாலும் கணிதத் தாளையும் எழுதுங்கள் என்பதே என் ஆலோசனை. அது பத்தாம் வகுப்புத் தரத்தில்தான் இருக்கும். எழுதினால் நிரந்தரப் பணிக்கான வாய்ப்பும் கைக்கு வரும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஐ.எம்.ஏ.வில் 18 மாதப் பயிற்சி, அதன்பின் நிரந்தரப் பணி, ஓய்வூதியம். ஓ.டி.ஏ.வில் 49 வாரப் பயிற்சி, அதன்பின் குறுகிய காலப் பணி. அதாவது பத்து ஆண்டுகள். விரும்பினால், தகுதி இருந்தால், மேலும் நான்கு ஆண்டுகள். பத்தாவது ஆண்டில் நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கலாம், எல்லோருக்கும் கிடைக்காது. வெளியே வருபவருக்குப் பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. முப்பத்தைந்து வயதில் இன்னொரு வாழ்க்கையைத் தொடங்க மனத்தளவில் தயாராக இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. மாதாமாதம் ஓய்வூதியம் வந்தால்தான் நிம்மதி என்று நினைப்பவர்கள் டேராடூனைக் குறிவைத்து உழைக்க வேண்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு மிகச் சிறந்த வழி ஒன்று உண்டு. சீனியர் பிரிவில் பயிற்சி முடித்து, 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லை. நேராக நேர்முகத் தேர்வு வாரியம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் உண்டு, பயிற்சி பரங்கிமலையில். போரிலோ போர் போன்ற நடவடிக்கையிலோ உயிர் நீத்த வீரர்களின் பிள்ளைகள் 'சி' சான்றிதழ் இல்லாமலும் இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். கணவரை இழந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்மார்கள் பலருக்கு இந்தச் சலுகை இருப்பதே தெரியாது. தெரிந்தவர்கள் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பொறியியல் மாணவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாத இரண்டு வழிகள் உள்ளன: டேராடூனுக்கு டி.ஜி.சி., பரங்கிமலைக்கு எஸ்.எஸ்.சி. டெக்னிக்கல். வயது 20 முதல் 27 வரை. இங்கே வடிகட்டுவது மதிப்பெண்தான். பாடப்பிரிவு வாரியாக ஒரு கட்-ஆஃப் வைத்து, அதற்கு மேல் இருப்பவர்களை அழைக்கிறார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு ஆறாம் செமஸ்டர் வரையிலான மதிப்பெண் கணக்கு. எனவே இரண்டாம் ஆண்டில் அலட்சியமாக எழுதிய ஒரு தாள் நான்காம் ஆண்டில் கதவை அடைக்கலாம்.

விமானப்படை தனியாக ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வு ஏ.எஃப்.கேட். பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது. தரைப்பணிப் பிரிவுகளுக்கு 26 வரை. கணக்குப் பிரிவு, நிர்வாகம் போன்ற தரைப்பணிகளுக்கு வணிகவியல், கலைப் பட்டதாரிகளும் போகலாம். கடற்படையின் குறுகிய காலப் பணிக்குப் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே அழைப்பு அனுப்புகிறார்கள். சட்டம் படித்தவர்களுக்கு 27 வயது வரை ராணுவச் சட்டப் பிரிவு, எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு ராணுவ மருத்துவப் பணி, செவிலியர் பட்டதாரிகளுக்கு ராணுவச் செவிலியர் பணி என்று தனித்தனி வழிகள். வயது தாண்டிவிட்டது, வேலைக்கும் போய்விட்டேன் என்பவர்களுக்கு டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது. 42 வயது வரை அதிகாரியாக விண்ணப்பிக்கலாம். அதில் தங்கள் தொழிலை விடாமலே ஆண்டின் ஒரு பகுதியைப் படைக்குக் கொடுப்பார்கள்.

வயதுக் கணக்கு

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. விண்ணப்பிக்கும் நாளிலோ தேர்வு நாளிலோ உங்கள் வயது என்ன என்று பார்ப்பதில்லை. பயிற்சி வகுப்பு தொடங்கும் காலத்தை ஒட்டித்தான் கணக்கு. ஏப்ரலில் நடக்கும் தேர்வில் வென்றவர் ஐ.எம்.ஏ.வில் சேர்வது அடுத்த ஜனவரியில், ஓ.டி.ஏ.வில் சேர்வது அடுத்த ஏப்ரலில். ஐ.எம்.ஏ.வுக்கு 24 வயது வரம்பு என்றால் அந்த ஜனவரியில் 24-ஐத் தாண்டியிருக்கக் கூடாது.

2002 ஆகஸ்டில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026 ஏப்ரலில் அவருக்கு இன்னும் 24 ஆகவில்லை. தைரியமாக விண்ணப்பிக்க நினைக்கிறார். ஆனால் 2027 ஜனவரியில் அவருக்கு 24 வயது 5 மாதம். டேராடூன் கதவு அவருக்கு மூடிவிட்டது. 25 வயது வரம்புள்ள பரங்கிமலை மட்டுமே மிச்சம். அறிவிப்பில் இந்தத் தேதிக்கு முன் பிறந்திருக்கக் கூடாது, இந்தத் தேதிக்குப் பின் பிறந்திருக்கக் கூடாது என்று இரண்டு தேதிகள் அச்சிட்டிருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் படியுங்கள். சாதி அடிப்படையில் வயதுத் தளர்வு இந்தத் தேர்வில் கிடையாது. திருமணமாகாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

இருபது வயதில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவருக்கு இந்தக் கணக்கு சாதகமானது. கடைசி ஆண்டிலேயே எழுதலாம் என்பதால், அப்போதிருந்து வருடத்துக்கு இரண்டு வீதம் ஏழெட்டு வாய்ப்புகள் கையில் இருக்கும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. பட்டம் முடித்து, இரண்டு ஆண்டு வேறு வேலைக்கு அலைந்து, மூன்றாவது ஆண்டில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வருபவருக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். இருவருக்கும் திறமை சமமாக இருக்கலாம். முன்னவர் ஐந்தாவது முயற்சியில் அதிகாரி ஆகிவிடுவார்.

கல்லூரி நாட்களில் செய்ய வேண்டியவை

முதலாண்டில் சேர்ந்த வாரமே என்.சி.சி. அறைக்குப் போங்கள். 'பி' சான்றிதழ் இரண்டாம் ஆண்டில், 'சி' சான்றிதழ் மூன்றாம் ஆண்டில். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் முதலாண்டைத் தவறவிட்டால் 'சி' வரை போய்ச் சேர முடியாது. பரேடு வருகையும் முகாமும் கட்டாயம். காலைப் பரேடுக்குக் கிடைக்கும் சிற்றுண்டிக்காகச் சேர்ந்த பிள்ளைகளும் அதிகாரிகளாகியிருக்கிறார்கள். எதற்காகச் சேர்ந்தோம் என்பது முக்கியமில்லை, மூன்று ஆண்டுகளும் விடாமல் நிற்பதே முக்கியம். என்.சி.சி. இல்லாத கல்லூரியானால் மனம் உடைய வேண்டாம். சி.டி.எஸ். வழிக்கு அது தேவையில்லை.

அரியர் வைக்காதீர்கள். தேர்விலும் நேர்முகத்திலும் வென்று, மருத்துவத்திலும் தேறி, பயிற்சி தொடங்கும் முன் பட்டச் சான்றோ புரொவிஷனல் சான்றிதழோ காட்ட முடியாமல் இடத்தை இழப்பது நடக்கிறது. ஒரே ஒரு அரியர் தாள் போதும். பல்கலைக்கழகம் முடிவை எப்போது வெளியிடும், சான்றிதழை எப்போது தரும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிரேடு முறையில் மதிப்பெண் தரும் கல்லூரியானால், அதைச் சதவீதமாக மாற்றும் கணக்கைக் கல்லூரி முத்திரையுடன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பற்றிய அச்சம் தமிழ்வழியில் படித்தவர்களை அதிகம் தடுக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது, தமிழில் இல்லை. தமிழ்வழி மாணவருக்கு இது அநியாயமான சுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்காகக் காத்திருக்கவும் முடியாது. ஆங்கிலத் தாளில் கேட்பது பிழை கண்டறிதல், சொற்பொருள், பத்தி வாசித்து விடை எழுதுதல், வாக்கியத் துண்டுகளை வரிசைப்படுத்துதல் ஆகியவை. 120 கேள்விகள். தினமும் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இரண்டு ஆண்டில் இதற்குப் போதுமான வலுவைத் தரும். நேர்முகத் தேர்வில் நாக்கு ஒட்டாமல் பேசவும் அதுவே கைகொடுக்கும். பொதுஅறிவுத் தாளுக்கு என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களும், நம் மாநிலப் பள்ளிப் பாடநூல்களின் வரலாறு, புவியியல், அறிவியல் பகுதிகளும் நல்ல அடித்தளம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும் என்பதை மறக்காமல், தெரியாததைத் தொடாமல் விடவும் பழகுங்கள்.

இந்தி தெரியாதே என்ற கவலை வேண்டாம். தேர்வுக்கு அது தேவையில்லை. பயிற்சியிலும் பணியிலும் தன் வீரர்களோடு பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்; தென்னாட்டு அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். தான் சேரும் படைப்பிரிவின் வீரர்கள் பேசும் மொழியை அதிகாரி கற்றுக்கொள்வது இந்திய ராணுவத்தின் மரபு.

எஸ்.எஸ்.பி.: ஐந்து நாட்கள்

எழுத்துத் தேர்வில் தேறியவரை எஸ்.எஸ்.பி. எனப்படும் பணித்தேர்வு வாரியம் அழைக்கும். ராணுவத்துக்கான மையங்கள் பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் போன்ற இடங்களிலும், விமானப்படைக்கு மைசூரு, டேராடூன் போன்ற இடங்களிலும் உள்ளன. ஒரு வகைப் பணிக்கு முதன்முறையாகச் செல்பவருக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; பயணச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தங்கும் இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. போய்ச் சேர்ந்ததும் மார்பில் அணிய ஓர் எண் கொடுப்பார்கள். அங்கே இருக்கும்வரை அந்த எண்தான் உங்கள் பெயர்.

முதல் நாளிலேயே பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டுக்குத் திரும்பிவிடுவது வழக்கம். அன்று நடப்பது இரண்டு: நுண்ணறிவுக் கேள்விகள், பிறகு திரையில் சில நொடிகள் மங்கலான ஒரு படம். அதைப் பார்த்து நான்கைந்து நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும், அதைக் குழுவில் சொல்ல வேண்டும், பதினைந்து பேர் சேர்ந்து பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். இந்தப் பேச்சு பல சமயம் சந்தைக்கடை ஆகிவிடும். கத்துபவர் தேறுவார் என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடையே பரவியிருக்கிறது. உண்மையில் பார்ப்பவர்கள் கவனிப்பது, தான் நினைத்ததைத் தெளிவாகச் சொன்னாரா, மற்றவர் சொன்னதைக் காதில் வாங்கினாரா என்பதைத்தான். வாயே திறக்காதவர் தேறுவது கடினம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். இரண்டு முறையாவது, கூட்டத்தின் நடுவே, முழு வாக்கியமாகப் பேசிவிடுங்கள்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. பன்னிரண்டு கதைகள், பதினொன்றுக்குப் படம் உண்டு, கடைசி வெற்றுத் திரை. அடுத்து அறுபது சொற்கள், ஒவ்வொன்றும் 15 நொடி. கண்ணில் பட்டதும் மனத்தில் எழும் வாக்கியத்தை எழுத வேண்டும். அடுத்து அறுபது சூழல்கள், 30 நிமிடம்: ரயிலில் போகும்போது பணப்பை தொலைந்துவிட்டது, என்ன செய்தீர்கள் என்பது போல. கடைசியாக, உங்கள் பெற்றோர், ஆசிரியர், நண்பர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நீங்களே எழுதும் சுயவிவரம்.

பயிற்சி மையங்களில் இதற்கென்று எழுதிக் கொடுத்த வாக்கியங்களை மனப்பாடம் செய்து போகிறார்கள். 'தோல்வி' என்ற சொல்லைக் கண்டால் வெற்றியின் முதல் படி என்று நூறு பேர் எழுதுகிறார்கள். அது உங்களைப் பற்றி எதையும் சொல்லாது. படத்தில் ஒரு சிறுவன் ஆற்றங்கரையில் நின்றால், உடனே வெள்ளத்தில் குதித்து ஐந்து பேரைக் காப்பாற்ற வேண்டியதில்லை. கரை உடைந்ததைக் கண்டு ஊருக்குள் ஓடிப்போய், மணல் மூட்டைக்கு ஆள் திரட்டினான் என்று எழுதலாம். உங்கள் ஊரில் அப்படிப் பார்த்திருந்தால் அது உங்கள் எழுத்தில் தானாக வரும். அறுபது சொற்களை 15 நொடி வேகத்தில் எழுதும்போது நடிக்க நேரம் இருக்காது. தேர்வை அமைத்தவர்கள் அதை அறிந்தே அமைத்திருக்கிறார்கள்.

அடுத்த இரண்டு நாட்கள் வெளிக்களத்தில். குழு விவாதம், வரைபடத்தைப் பார்த்துத் திட்டமிடுதல், பலகையும் கயிறும் கட்டையும் கொண்டு தடைகளைக் கடத்தல், பாம்பு போன்ற நீண்ட சுமையைத் தூக்கிக்கொண்டு குழுவாக ஓடும் தடைப் பந்தயம், மூன்று நிமிடத்துக்குள் முடிந்தவரை கடக்க வேண்டிய பத்துத் தனிநபர் தடைகள், மூன்று நிமிடச் சிற்றுரை, நீங்கள் தலைவராக இருந்து இருவரை அழைத்துச் செய்யும் கட்டளைப் பணி. பலகை எந்தக் கோணத்தில் வைத்தால் நிற்கும் என்று சொல்லும் ஒருவரும், அவர் சொல்வதைக் கேட்டு முதலில் ஏறிப் பார்க்கும் ஒருவரும், பின்தங்கியவருக்குக் கை கொடுக்கும் ஒருவரும் அங்கே மதிக்கப்படுகிறார்கள். உங்கள் யோசனை தவறு என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்தவர் யோசனைக்கு உழைப்பதையும் கவனிக்கிறார்கள். கபடி, கைப்பந்து என்று தெருவிலும் திடலிலும் அணியாக விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இந்த நாட்களில் தனியாக ஓட்டத் தேர்வு கிடையாது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

இதற்கிடையில் ஒரு நாள் நேர்காணல். ஒரே அதிகாரி, சில சமயம் ஒரு மணி நேரம் வரைகூட. முதல் நாள் நீங்கள் நிரப்பிக் கொடுத்த தன்விவரப் படிவம்தான் அவர் கையில் இருக்கும். கேள்விகள் அதிலிருந்தே பிறக்கும். பொழுதுபோக்கு தோட்டக்கலை என்று எழுதினால் மண், உரம், பருவம் எல்லாம் வரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து பிடித்த ஆசிரியர், நெருங்கிய நண்பர், அன்றாட வழக்கம் வரை பத்துப் பன்னிரண்டு கேள்விகளை மூச்சுவிடாமல் அடுக்கிவிட்டு, எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லச் சொல்வதும் உண்டு. சொந்த ஊரைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டு போங்கள். தஞ்சாவூர்க்காரரிடம் காவிரி நீர்ப் பங்கீட்டையும், தூத்துக்குடிக்காரரிடம் துறைமுகத்தையும் உப்பளத்தையும், சிவகாசிக்காரரிடம் பட்டாசுத் தொழிலின் பாதுகாப்பையும் கேட்கலாம். அப்பா கூலி வேலை பார்க்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்து போகிறார், என்ன கூலி, வீட்டுச் செலவு எப்படி ஓடுகிறது என்று கேட்டால் உங்களால் சரியாகச் சொல்ல முடியும். வீட்டுக் கணக்குத் தெரிந்த பிள்ளை பொறுப்புள்ள பிள்ளை என்பது அந்த அதிகாரிக்கும் புரியும்.

ஐந்தாம் நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொருவரையும் சில நிமிடம் பார்க்கிறார்கள். உளவியலாளர், வெளிக்கள அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் தனித்தனியே பார்த்தது ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதே கேள்வி. முடிவு அன்றே தெரியும். பரிந்துரைக்கப்பட்டாலும் இடம் உறுதி இல்லை. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் வாரியத்தின் மதிப்பெண்ணும் பாதிக்குப் பாதி சேர்ந்து தரவரிசைப் பட்டியல் வரும். எழுத்துத் தேர்வில் எல்லைக்கோட்டை மட்டும் தாண்டியவர்கள் இந்தப் பட்டியலில் நழுவுகிறார்கள். பரிந்துரைக்கப்படாதவர்கள் அடுத்த அறிவிப்பில் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பல முறை திரும்பி அனுப்பப்பட்ட பிறகு தேர்வானவர்கள் எல்லாப் படைகளிலும் உண்டு.

மருத்துவப் பரிசோதனை

பரிந்துரைக்கப்பட்டவர்களை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இங்கே வரும் ஏமாற்றத்தில் பாதி, முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. காதில் குறும்பி, பற்களில் சொத்தை, மூக்குத் தண்டு வளைவு, விரைவீக்கம், மூலம், அதிக எடை ஆகியவை பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகக் கூடியவை. இறுதியாண்டிலேயே ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையே போதும். நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடிப்பு ஆகியவையும் அப்போதே தெரிந்துவிடும்.

கண்ணாடி போட்டவர்கள் படையில் சேர முடியாது என்பது தவறான நம்பிக்கை. பிரிவுக்குத் தக்கபடி ஒரு வரம்பு வரை ஏற்பார்கள். விமானிகளுக்கு மட்டும் விதி கடுமையானது. கண்ணில் லேசர் சிகிச்சை செய்துகொள்ள நினைப்பவர்கள் இருபது வயதுக்கு முன் செய்துகொண்டால் அதுவே தகுதியிழப்பாகிவிடும். பச்சை குத்துவது முன்கையின் உட்புறத்தில் முழங்கைக்குக் கீழும், புறங்கையிலும் மட்டுமே ஏற்கப்படுகிறது. திருவிழாவில் தோளில் குத்திய பெயர் ஒரு வாழ்க்கையையே தடுக்கலாம். தம்பி தங்கைகளுக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள். தகுதியில்லை என்று சொன்னாலும் மேல்முறையீட்டுக் குழு உண்டு. குறித்த நாட்களுக்குள் குறையைச் சரிசெய்து அதன்முன் நில்லுங்கள்.

பெயரும் சான்றிதழும்

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முருகன் செ.', ஆதாரில் 'செ. முருகன்', பட்டச் சான்றிதழில் 'முருகன் செல்வராஜ்' என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் ஆதாரைத் திருத்துவது எளிது. பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். கல்லூரியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

சம்பளமும் வீட்டாரும்

பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் அதே 56,100-இல் தொடங்குகிறது. அதோடு ராணுவப் பணிச் சம்பளம் 15,500, அகவிலைப்படி, பணியிடத்துக்குத் தக்க படிகள். இரண்டாம் ஆண்டில் கேப்டன், ஆறாம் ஆண்டில் மேஜர், பதின்மூன்றாம் ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். கல்விக்கடன் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தரும்.

வீட்டில் அச்சம் இருக்கும். அதை மதித்துப் பேசுங்கள், மறைத்துப் பேசாதீர்கள். பயிற்சியைச் சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பயிற்சியில் பலத்த காயமடைந்து வெளியேற்றப்படும் கேடட்டுகள் இன்னும் அதிகாரிகள் ஆகாதவர்கள் என்பதால், அதிகாரிகளுக்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியமும் முன்னாள் படைவீரர் தகுதியும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கருணைத் தொகையே வழங்கப்பட்டு வந்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்தது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. இன்னும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நாட்டுக்காகப் பயிற்சிக்கு வந்த பிள்ளையை இடையில் கைவிடுவது சரியல்ல.

மகள் இந்த வழியில் போக விரும்பினால் தயங்க வேண்டாம். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணிக்கான பாதை விரிந்தது. 2023-இல் பீரங்கிப் படையிலும் பெண் அதிகாரிகள் சேர்ந்தார்கள்.

யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எந்த முன்னாள் அதிகாரியாலும், எந்தத் தரகராலும் எஸ்.எஸ்.பி. முடிவை மாற்ற முடியாது. யு.பி.எஸ்.சி., ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் சொந்த இணையதளங்களில் மட்டுமே அறிவிப்பையும் அழைப்புக் கடிதத்தையும் பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். ஒவ்வொரு முறையும் புதிய அறிவிப்பை முழுவதும் படியுங்கள். சி.டி.எஸ். அறிவிப்புகள் வழக்கமாக டிசம்பரை ஒட்டியும், மே, ஜூன் மாதங்களை ஒட்டியும் வெளியாகும். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணம் இல்லை. நீங்கள் கடைசி ஆண்டில் இருந்தால், அடுத்த அறிவிப்பு வந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.